திருமுக்கூடல் கோயிற்சுவர் கற்பிக்கும் பாடம்



உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கப்படுகிற மருத்துவப் பணியைப் பற்றியே இந்தப் பக்கங்களில் அடிக்கடி எழுதி வருகிறோம். இந்த இதழின் பாடத்தை ஒரு பழைய கோயிலின் சுவரிலிருந்து எடுத்திருக்கிறோம். அது நம்முடைய ஆலயம் அல்ல. ஆனாலும் ஒரு வைத்தியசாலை எதனால் நடக்கிறது என்பதை அந்தச் சுவரைப் போல விளக்கமாகச் சொல்லும் இடம் நம் பக்கத்தில் வேறொன்று இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் அது இருக்கிறது.

1. பேராலயமும் அதன் பக்கத்து வைத்தியசாலையும்

மேல்நாடுகளுக்குப் போய் வருகிறவர்கள் அங்குள்ள பழைய பேராலயங்களைப் பற்றி வியந்து சொல்வார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் கடந்தும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கிறது. பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம் நிற்க, ஜெபிக்க வந்தவர்கள் மறுபக்கம் முழங்காலில் இருக்கிறார்கள் என்பார்கள். பாரீஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயம் 1163இல் கட்டத் தொடங்கப்பட்டது. 2019 ஏப்ரலில் தீயில் எரிந்து, செப்பனிடப்பட்டு, 2024 டிசம்பரில் மறுபடி வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

அந்தப் பேராலயம் இருக்கும் அதே ஆற்றுத் தீவில் ஒரு மருத்துவமனையும் இருக்கிறது. அதன் பெயருக்கு 'கடவுளின் விடுதி' என்று பொருள். அது 651இல் பாரீஸ் பேராயரால் தொடங்கப்பட்டதென்பது மரபு. லண்டன் நகரத்துப் பரிசுத்த பர்த்தொலொமேயு மருத்துவமனையும் இப்படிப்பட்டதே. 1123இல் ராஹீர் என்பவர் ஒரு துறவியர் மடத்தையும் அதன் ஆலயத்தையும் அதோடு ஏழை நோயாளிகளுக்கான ஒரு விடுதியையும் சேர்த்தே ஏற்படுத்தினார். ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. மருத்துவமனையிலும் இன்றும் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். வழிபடும் இடத்தின் பக்கத்திலேயே நோயாளிக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அன்றைய உலகில் பல நாடுகளில் இருந்தது.

நம் நாட்டிலும் அது இருந்தது. தஞ்சாவூரில் சுந்தர சோழர் பெயரால் ஓர் ஆதுலசாலை இருந்ததையும் இளவரசி குந்தவை அதற்குக் கொடை கொடுத்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆதுலர் என்றால் நோயாளிகள். ஆதுலசாலை என்றால் அவர்களைப் பேணும் வைத்தியசாலை. ஸ்ரீரங்கம் கோயிலில் இருந்த ஆரோக்கியசாலையைப் பற்றி 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. ஆனால் ஒரு வைத்தியசாலையின் ஆண்டு வரவு செலவை நாம் வாசிக்கும்படி விட்டுவைத்திருப்பது திருமுக்கூடல்.

2. திருமுக்கூடல் போகும் வழி

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுச் சாலையில் வாலாஜாபாத்தைத் தாண்டினால் பழையசீவரம் வரும். ரயிலில் போகிறவர்களும் அங்கே இறங்கலாம். பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருக்கிறது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால் அந்தப் பெயர். வருடத்தின் பெரும்பகுதி அங்கே தண்ணீரைவிட மணலே அதிகம்.

ஆற்றங்கரையில் நிற்கும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் காஞ்சிபுரத்துப் பெரிய கோயில்களைப் போல உயரமானதல்ல. பல்லவ அரசர் நிருபதுங்கரின் காலத்துக் கல்வெட்டு இங்கே உண்டு. ஆகவே 9ஆம் நூற்றாண்டிலேயே இது வழிபாட்டுத் தலமாக இருந்திருக்கிறது. இன்று மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் பூட்டி வைத்த சின்னம் அல்ல. பூஜை நடக்கும் கோயில். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்குப் பாரிவேட்டைக்கு எழுந்தருளுவதும், அங்கிருந்து ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவதும், சுற்று வட்டாரத்துக் கோயில்களின் பெருமாள்களும் அங்கே வந்து சேருவதும் இந்தப் பகுதியார் எல்லாரும் அறிந்த திருவிழா. அன்றைக்கு ஆற்று மணல் தெரியாதபடி ஜனங்கள் நிற்பார்கள்.

நாங்கள் சிலர் சாதாரணமான ஒரு நாளில் போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பிராகாரத்துக்குள் நடந்து, நாங்கள் தேடி வந்த சுவரைப் பார்த்தோம். எழுத்தறிந்தவர்கள் ஒருவர் துணைக்கு இல்லாவிட்டால் அது வரிவரியான கோடுகளாகத்தான் தெரியும். மொத்தம் 55 வரிகள். சோழ அரசர் வீரராஜேந்திரரின் 5ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1068ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்டது. முதற்பகுதி அரசரின் போர் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தி. அதைத் தாண்டி வருகிறது நமக்குரிய செய்தி.

3. சுவர் சொல்லும் கணக்கு

வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் இந்தக் கோயிலுக்கு விடப்பட்டிருந்தது. இன்றும் உத்திரமேரூர்ப் பக்கத்தில் வயலக்காவூர் என்று ஓர் ஊர் உண்டு. அந்த வருவாயை எதெதற்குச் செலவிட வேண்டும் என்று கல்வெட்டு பிரித்துச் சொல்கிறது. கோயில் பூஜைக்கும் திருவிழாக்களுக்கும் இவ்வளவு. ஜனநாத மண்டபத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாணவர் விடுதிக்கும் இவ்வளவு. 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலசாலைக்கு இவ்வளவு.

பள்ளியில் ரிக் வேதம் படிப்பவர் 10 பேர், யஜுர் வேதம் படிப்பவர் 10 பேர், இலக்கணம் படிப்பவர் 20 பேர். இன்னும் சிலரும் உண்டு. அவர்கள் சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆதுலசாலையில் கட்டில்கள் 15. அங்கே வேலை செய்தவர்களையும் அவர்களுக்கு ஓர் ஆண்டுக்கு அளந்த நெல்லையும் கீழே தருகிறோம்.

வைத்தியர் ஒருவர்: 90 கலம் நெல், அதோடு 8 காசு.

சல்லியக்கிரியை செய்பவர், அதாவது அறுவை வைத்தியர் ஒருவர்: 30 கலம்.

மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச உதவுபவர் இருவர்: இருவருக்குமாக 60 கலம்.

நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவர்: இருவருக்குமாக 30 கலம்.

நாவிதர் ஒருவர்: 15 கலம்.

இவர்களைத் தவிர, தண்ணீர் கொண்டுவர ஓர் ஆளும் உண்டு.

ஒரு கலம் என்பது 12 குறுணி. ஒரு குறுணி என்பது 8 நாழி. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துப் பாருங்கள். வைத்தியருக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி நெல். அறுவை வைத்தியருக்கு 1 குறுணி. மூலிகை கொண்டுவருபவருக்கும் 1 குறுணி. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அரைக் குறுணி. எழுதியவர்கள் ஆண்டுத் தொகையைக் குத்துமதிப்பாகப் போடவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துப் பெருக்கியிருக்கிறார்கள்.

நோயாளிகளுக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. 15 பேருக்கு 15 நாழி. ஆண்டுக்கு 5,400 நாழி. இரவில் ஆதுலசாலையில் விளக்கு எரிய எண்ணெய்க்கும் தனி ஒதுக்கீடு.

மருந்துகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 20 பெயர்கள். ஓர் ஆண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டியவை. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த வாசாஹரீதகி, பத்து வேர்களும் கடுக்காயும் சேர்ந்த தசமூலஹரீதகி, வில்வத்தைக் கொண்டு காய்ச்சும் வில்வாதி கிருதம், பழைய நெய்யான புராண கிருதம், பலவகைத் தைலங்கள். இவற்றில் பல சரக சம்ஹிதையில் காணப்படுபவை.

4. இதிலிருந்து நாம் கற்கக்கூடியவை

முதலாவது: வைத்தியசாலை என்பது கட்டடம் அல்ல, அன்றாடச் செலவு.

இந்தக் கல்வெட்டில் ஆதுலசாலை எத்தனை அடி நீளம், எந்த மரத்தில் உத்திரம் போட்டார்கள் என்பதெல்லாம் பேச்சில்லை. அரிசி, எண்ணெய், மூலிகை, விறகு, கூலி இவையே பேச்சு. நம் ஊர் நெசவாளிகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தறியில் பாவு பூட்டியவுடன் சேலை வந்துவிடுவதில்லை. ஊடை நூல் ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியாக வேண்டும். ஒரு நாள் நாடா ஓடாவிட்டால் அன்றைக்குச் சேலை வளரவில்லை. கட்டடமும் கருவிகளும் பாவு. அன்றாடப் பராமரிப்பு ஊடை.

கொடுக்க மனமுள்ள பலருக்குப் புதிய வார்டு கட்டித் தரவோ, பெயர் பொறித்த கருவி வாங்கித் தரவோ விருப்பம் இருக்கிறது. அதில் குற்றமில்லை, அவையும் தேவையே. ஆனால் இரவு நேரத்து நர்ஸின் சம்பளத்துக்கும், ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலுக்கும், துணி வெளுக்கிற செலவுக்கும் பெயர் பொறிக்க இடமில்லை. பல தர்ம ஆஸ்பத்திரிகள் தடுமாறுவது இங்கேதான். திறப்புவிழாவுக்குப் பத்து வருஷம் கழித்துப் பூட்டிக் கிடக்கும் வார்டுகளை நாம் கண்டிருக்கிறோம். திருமுக்கூடலில் ஒருவர் விளக்கெண்ணெயையும் நாவிதரையும் நினைத்துப் பார்த்து, போர் வெற்றிகள் எழுதிய அதே சுவரில் எழுதவும் செய்தார்.

இரண்டாவது: அளவறிந்து ஏற்றுக்கொள்வது.

15 கட்டில் என்றால் 15 பேருக்கும் சோறும் மருந்தும் கவனிக்க ஆளும் உண்டு என்று பொருள். பாரீஸ் மருத்துவமனையில் 18ஆம் நூற்றாண்டில் ஒரே கட்டிலில் பல நோயாளிகளைச் சேர்த்துப் படுக்க வைத்தார்கள். அதைப் பற்றிய அறிக்கை 1788இல் வெளியாகிப் பெரிய அதிர்ச்சியை உண்டாக்கியது. யாரையும் திருப்பி அனுப்பாத மனம் உயர்ந்தது. ஆனால் உள்ளே வந்தவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லையென்றால் அந்த மனம் நோயாளிக்கு உதவாது. கட்டில்களைக் கூட்டுவதானால் கூடவே நாழியையும் கூட்டியாக வேண்டும்.

மூன்றாவது: பெயர் எழுதப்படாதவர்கள்.

வைத்தியரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராம அசுவத்தாம பட்டர். அந்தப் பெண்கள் இருவருக்கும் பெயர் இல்லை. வைத்தியருக்கு அளந்ததில் ஆறில் ஒரு பங்கே ஒவ்வொருவருக்கும் அளந்த நெல். இரவு விளக்கின் பக்கத்தில் விழித்திருந்தது யார் என்று ஊகிக்க நாம் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆயிரம் வருஷம் கழித்து நாமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறோமா என்பது ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நான்காவது: யாருக்காக?

இந்த ஆதுலசாலை பள்ளி மாணவர்களுக்கும் கோயிலைச் சேர்ந்த பணியாளர்களுக்கும் என்று ஏற்பட்டது. தன்னைச் சேர்ந்தவர்களைப் பேணுவது நல்ல காரியம். அதைக்கூடச் செய்யாத நிறுவனங்கள் உண்டு. ஆனால் லூக்கா சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்தில் வரும் சமாரியனை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவன் அவனைச் சேர்ந்தவன் அல்ல. அந்த உவமையில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, அதற்கு மேல் செலவானாலும் திரும்பி வரும்போது தருவதாக ஒப்புக்கொள்கிறான். எண்ணெயும் திராட்சரசமும் அன்றைய உதவி. சத்திரக்காரனுக்குக் கொடுத்த பணமும் வாக்கும் மறுநாளைக்கும் அதற்கு மறுநாளைக்குமான உதவி. திருமுக்கூடலில் நாம் கண்ட திட்டமும் சமாரியனின் இந்தத் தாராளமும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

5. கோயில் நின்றது, கட்டில்கள் நிற்கவில்லை

இனிச் சொல்வது நம் மனதை உறுத்துகிற விஷயம். திருமுக்கூடலில் வழிபாடு இன்றும் நடக்கிறது. ஆதுலசாலை இல்லை. அதன் கட்டில் ஒன்றோ மருந்து அரைத்த கல் ஒன்றோ நமக்குக் காட்டப்படவில்லை. எழுத்து மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கல்லில் வெட்டினால் சூரியசந்திரர் உள்ளவரை தர்மம் நிற்கும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். கல் நின்றது. தர்மம் நிற்பதற்குக் கல் போதவில்லை.

லண்டன் மருத்துவமனையின் கதையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அரசர் 8ஆம் ஹென்றி மடங்களையெல்லாம் கலைத்தபோது 1539இல் பர்த்தொலொமேயு மடமும் மூடப்பட்டது. ஆலயத்தின் ஒரு பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வருமானம் நின்றது. நோயாளிகள் தெருவுக்கு வரும் நிலை. அப்போது லண்டன் நகரத்தார் அரசரிடம் மன்றாடினார்கள். 1546இல் மருத்துவமனை நகரத்தாரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. 400 ஆண்டுகளுக்கு முன் கொடுத்தவரின் கொடை தீர்ந்துபோனது. புதிதாகக் கொடுக்க ஒரு தலைமுறை எழும்பியது. 2023இல் அந்த மருத்துவமனை தன் 900ஆம் ஆண்டைக் கண்டது.

பிரான்ஸில் போன் என்னும் ஊரில் 1443இல் நிக்கொலா ரோலென் தம்பதியர் ஏற்படுத்திய மருத்துவமனையும் இப்படியே. அதற்குத் திராட்சைத் தோட்டங்கள் கொடையாகச் சேர்ந்தன. தோட்டத்து விளைச்சலை 1859 முதல் ஏலமிட்டு, வரும் பணத்தில் மருத்துவமனையை நடத்தினார்கள். 1971இல் நோயாளிகள் புதிய கட்டடத்துக்கு மாறினார்கள். பழைய கட்டடம் காட்சிச்சாலையாயிற்று. அங்கே கட்டடம் ஓய்வு பெற்றது, ஊழியம் நடக்கிறது. திருமுக்கூடலில் நாம் காண்பதற்கு இது நேர்மாறு.

ஆகவே இந்தப் பாடத்தின் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: ஒரு தலைமுறை எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் அது அடுத்த தலைமுறையின் கடமையைத் தீர்த்துவிடாது. கொடையை நாளுக்கு நாள் பயன்படும்படி திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். தீரும் முன்பே அதை நிரப்ப ஆட்களை எழுப்பவும் வேண்டும். இதில் முதலாவதைத் திருமுக்கூடல் நமக்குக் கற்பிக்கிறது, இரண்டாவதை லண்டன் கற்பிக்கிறது.

6. போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

வாலிபர் சங்கங்களும் பள்ளிப் பிள்ளைகளும் நர்ஸிங் மாணவிகளும் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இது. பூஜை நேரத்தை முன்னதாகக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அது பிறர் ஆராதிக்கும் இடம் என்பதை மறவாதிருங்கள். நம் ஆலயத்துக்கு வருகிற அந்நியரிடம் நாம் எதிர்பார்க்கும் அமைதியையும் மரியாதையையும் நாமும் காட்ட வேண்டும். எழுத்து தெரிவதற்காகச் சுவரில் சுண்ணாம்போ மாவோ தேய்க்க வேண்டாம். கையால் தடவவும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் நிழல் பிடித்துத் தானாகவே தெளிவாகத் தெரியும். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரை அழைத்துப்போனால் பலன் பன்மடங்கு.

7. சிந்திக்கவும் கலந்து பேசவும்

அ. நம் ஊர் மருத்துவமனை ஒரு நாள் நடக்க என்னென்ன தேவை? விளக்கு முதல் துடைப்பம் வரை எழுதிப் பாருங்கள். அதில் எவற்றுக்குக் கொடுக்க யாரும் முன்வருவதில்லை?

ஆ. உங்கள் வீட்டிலோ சபையிலோ சங்கத்திலோ ஒரு நோயாளியின் ஒரு நாள் செலவை மாதந்தோறும் ஏற்க முடியுமா? ஒரே தடவை பெருந்தொகை கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்ன?

இ. நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவருக்கு நாம் கொடுக்கும் கூலியும் மதிப்பும் எப்படியிருக்கிறது?

ஈ. நம் பாட்டன் பாட்டி கொடுத்த கொடைகளால் இன்று நடக்கிற பள்ளியோ ஆஸ்பத்திரியோ நமக்குத் தெரிந்து உண்டா? அதற்கு நம் தலைமுறை என்ன சேர்த்திருக்கிறது?

இவற்றை வீட்டார் கூடும் நேரத்தில் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். நாழியும் குறுணியும் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் பழைய படி இருந்தால் எடுத்து அரிசி அளந்து காட்டுங்கள். ஒரு நோயாளியின் ஒரு நாள் சாப்பாடு கையில் எவ்வளவு என்பது அவர்களுக்கு அப்போது விளங்கும்.